மரம் ஏறும்போது வில் எங்கே இருக்கணும்?

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோட்ல காற்றுத் திசை பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "மரம் பிடிச்சாச்சு, ஸ்டாண்டும் கட்டியாச்சு. வில், அம்பு, பை, இதையெல்லாம் எப்படி மேலே கொண்டு போறது?" சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், என்னோட இரண்டாவது சீசன் வரைக்கும்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவங்களும் இருக்கீங்க. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை செய்யப்பட்டது. நான் பேசுவது இங்கே அமெரிக்காவில், நான் இருக்கிற மிச்சிகன் மாநிலத்தில், உரிமம் எடுத்து சீசனுக்குள் செய்யும் வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி. இங்கே அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில் சீசன். 15ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

வில்லுக்கு மான் கிட்டத்தில் வரணும். இருபது, இருபத்தைந்து கஜம். அந்தத் தூரத்தில் தரையில் நின்று வில்லை இழுத்தால் அந்த அசைவே போதும், மான் போயிடும். அதனாலதான் பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரத்தோடு ஒரு சின்ன மேடையைக் கட்டி அதில் உட்காருகிறோம். அதுக்குப் பேர்தான் ட்ரீ ஸ்டாண்ட். சட்டப்படி சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலிருந்து அம்பு விடலாம். அப்படின்னா அதுக்கும் முன்னால நீங்க மேலே போய் உட்கார்ந்திருக்கணும். இருட்டில், குளிரில், தடிமனான ஜாக்கெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் ஏறணும். நம்ம கேள்வியை இந்தச் சூழ்நிலையில் வைத்துத்தான் பார்க்கணும்.

என் கதைக்கு வர்றேன். அக்டோபர் கடைசி, தீபாவளிக்கு முந்தின வாரம். பதினாறு அடியில் ஸ்டாண்ட். ஏறுவதற்கு க்ளைம்பிங் ஸ்டிக், அதாவது மரத்தில் பட்டை போட்டுக் கட்டுகிற துண்டு துண்டான ஏணிகள். பையைக் கீழே வைத்துவிட்டேன், அதை அப்புறம் கயிறு போட்டு இழுத்துக்கலாம்னு. வில்லை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டேன். 'ஆறேழு பவுண்டு எடை, இதுக்கு எதுக்குக் கயிறு' என்பது என் எண்ணம். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் பக்காவாக மாட்டியிருந்தேன். ஆனால் அதை மரத்தோடு இணைக்கவில்லை. மேலே போய் இணைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

கடைசிப் படியிலிருந்து ஸ்டாண்டுக்குக் காலை மாற்றுகிற இடம். வலது கால் மேடையில், இடது கால் படியில். உடம்பை மேலே தூக்குறேன், தூக்க வரலை. வில்லோடு பொருத்திய அம்பறாத்தூணியில் இருந்த ஒரு அம்பின் வால் பக்கம் கீழே ஏணிப் படியில் மாட்டிக்கிச்சு. எனக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்சம் வேகமா உந்தினேன். அம்பு உருவிக்கிட்டுக் கீழே போச்சு, திடீர்னு பிடி விட்டதும் என் உடம்பு பின்பக்கம் சாய்ஞ்சது. ஒரு கை மட்டும் மரத்தைக் கட்டியிருந்த பட்டையில். அந்த ஒரு கைதான் என்னைப் பிடிச்சுது.

கொஞ்ச நேரம் மரத்தைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நின்னேன். அப்புறம் இறங்கிட்டேன். கீழே ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அம்பைத் தேடினால், ஸ்டாண்டுக்கு நேர் கீழே இலைச் சருகுக்குள் குத்திக்கொண்டு நிற்குது. நான் விழுந்திருந்தா எங்கே விழுந்திருப்பேனோ, அதே இடம். முனையில் இருந்தது பிராட்ஹெட். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது வெறும் கூர் இல்லை, சவர பிளேடு மாதிரி இரண்டு மூன்று அலகு உள்ள முனை. மானை வேகமாகச் சாகடிப்பதற்காகச் செய்தது. மனுஷத் தொடையையும் அதே மாதிரிதான் வெட்டும்.

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏங்க, அப்போ போன் எங்க இருந்துச்சு?"

போன் பையில் இருந்தது. பை தரையில் இருந்தது.

அன்னையிலிருந்து நான் இந்த விஷயத்தையே வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சேன். தூக்குக் கயிறு, இங்கே ஹால் லைன்னு சொல்றாங்க, அது வில்லுக்கு அடிபடாமல் இருக்க என்றுதான் கடைக்காரரும் சொல்வார், அட்டையிலும் போட்டிருக்கும். அது இரண்டாவது காரணம். முதல் காரணம், ஏறுகிற ஆளோட இரண்டு கையும் காலியா இருக்கணும், அவர் உடம்பில் எதிலாவது மாட்டக்கூடிய பொருள் தொங்கக்கூடாது, அவர் விழக்கூடிய இடத்தில் வெட்டுகிற பொருள் கிடக்கக்கூடாது. இனி சொல்லப்போற எல்லாமே இந்த மூணுலேர்ந்து வர்றதுதான்.

தரையிலிருந்து ஆரம்பிப்போம். காரிலிருந்து மரம் வரைக்கும் நடந்து வரும்போதே எல்லா அம்பும் அம்பறாத்தூணியில் இருக்கணும், பிராட்ஹெட் முனைகள் அதன் மூடிக்குள் நுரையில் பதிந்திருக்கணும். மரத்தடியில் நின்று ஒரு தடவை ஒவ்வொரு அம்பையும் விரலால் லேசா ஆட்டிப் பாருங்க. ரப்பர் பிடிப்பு தளர்ந்திருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். நாணில் அம்பு பூட்டியபடி வில்லை மேலே இழுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். நம்ம ஊர்ப் பனையேறிகள் இடுப்பில் அருவாப்பெட்டி கட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீங்க. பாளை சீவுகிற அரிவாளுக்கு ஏன் தனியா ஒரு பெட்டி? கூரான சாமானோடு மரம் ஏறுகிறவனுக்கு உறை எவ்வளவு முக்கியம்னு அவங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கலை.

அடுத்து வில்லை எங்கே வைப்பது. பலபேர் இதை யோசிப்பதே இல்லை. கயிறு தொங்குகிற இடத்திலேயே, ஏணிக்கு நேர் கீழேயே வைத்துவிட்டு ஏறுவார்கள். நீங்க விழுந்தா உங்க வில் மேலேயே விழுவீங்க. கயிற்றை ஸ்டாண்டின் பக்கவாட்டில், ஏணி இல்லாத பக்கமாக் கட்டுங்க. அந்தப் பக்கம் மரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி வில்லைப் படுக்க வைங்க. இழுக்கும்போது கொஞ்சம் சாய்வா வரும், பரவாயில்லை.

கயிறு என்ன கயிறு? நிறையப் பேர் பாராகார்டு வாங்குவார்கள். அது 550 பவுண்டு தாங்கும்னு போட்டிருக்கும். ஆறேழு பவுண்டு வில்லுக்கு அந்தப் பலம் தேவையே இல்லை. பிரச்சினை உங்க கையில். குளிரில் விறைச்ச விரலுக்கு மெல்லிய கயிறு வழுக்கும், இல்லைன்னா அறுக்கும். கொஞ்சம் தடிமனா, கைக்கு மெத்தென்று இருக்கிற கயிறா வாங்குங்க. அடர்த்தியான நிறமா இல்லாமல், ஹெட்லேம்ப்பில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தா நல்லது. நீளம், ஸ்டாண்ட் உயரத்தை விட ஐந்தாறு அடி கூடுதல். ஒன்று சொல்லிடறேன், இந்தக் கயிறு சாமானுக்கு மட்டும்தான். எவ்வளவு பலமான கயிறா இருந்தாலும் உங்க உடம்பை இதில் கட்டிக்காதீங்க.

கயிற்றின் மேல் முனை ஸ்டாண்டில் கட்டியே இருக்கட்டும், சீசன் முழுக்க. இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிற பழக்கம் பலருக்கு இருக்கு. தினம் ஒரு மரம் மாற்றுகிறவர்களுக்கு வேற வழி இல்லை என்பதும் உண்மைதான். அவங்க கயிறு போதுமான நீளமா இருக்கான்னு பார்த்துக்கணும். குட்டையா இருந்தா நீங்க ஏற ஏற வில்லும் கூடவே ஏறும், ஏதாவது கிளையில் சிக்கும், பாதி மரத்தில் உங்களைப் பின்னால இருந்து யாரோ இழுக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அம்பு செய்ததை அவங்களுக்குக் கயிறு செய்யும்.

வில்லில் எங்கே முடிச்சுப் போடுவது? நாணில் கட்டாதீங்க. கேபிளில், குறிபார்க்கும் சைட்டில், அம்பு தாங்கியில் கட்டாதீங்க. காம்பவுண்ட் வில்லில் கைப்பிடிக்கு மேலே லிம்ப் ஆரம்பிக்கிற இடம் இருக்கே, அங்கே ஒரு சுருக்குப் போட்டால் வில் நேரா நின்னபடி, அம்பு முனைகள் மூடிக்குள் மேல் நோக்கியபடி வரும். கொக்கி பயன்படுத்துறவங்க உலோகத்தில் கொஞ்சம் துணி டேப் சுத்திக்குங்க. டிங்குன்னு ஒரு சத்தம், அன்றைய காலை முடிஞ்சது.

இப்போ ஏறணும். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் ஹன்டர் சேஃப்டி வகுப்பு முடித்தால்தான் உரிமம் கிடைக்கும். அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், விழுவது பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருக்கும்போது இல்லை. ஏறும்போது, இறங்கும்போது, படியிலிருந்து மேடைக்கு மாறும்போது. நானும் அதைக் கேட்டு, குறிப்பெல்லாம் எடுத்தேன். அப்புறமும் ஹார்னஸை மேலே போய் இணைக்கலாம்னு ஏறினேன், பாருங்க.

அதனால தரையில் கால் இருக்கும்போதே மரத்தோடு இணைஞ்சிடணும். நிரந்தரமா ஒரே இடத்தில் ஸ்டாண்ட் வைத்திருப்பவர்களுக்கு லைஃப்லைன் சுலபம். ஸ்டாண்டுக்கு மேலே, தலைக்கு எட்டுகிற உயரத்தில் மரத்தில் கட்டி, தரை வரைக்கும் தொங்குகிற தடித்த கயிறு. அதில் ஒரு மெல்லிய கயிற்று வளையம் சுத்தியிருக்கும். மெதுவா நகர்த்தினால் நகரும், எடை விழுந்தால் இறுகிக்கும். புருசிக் முடிச்சுன்னு பேர். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் விளக்கிச் சொன்ன முடிச்சு. உங்க ஹார்னஸ் அந்த வளையத்தோடு இணைஞ்சிருக்கும், ஏற ஏற அதைக் கையால் மேலே தள்ளிக்கிட்டே போகணும். அது எப்போதும் தலைக்கு மேலே இருக்கணும். இடுப்பு உயரத்தில் விட்டுட்டு ஏறினால், இறுகுவதற்கு முன்னால நீங்க அத்தனை தூரம் விழுவீங்க. மரம் மாற்றுகிறவர்கள், மின்கம்ப ஊழியர்கள் போடுகிற மாதிரி மரத்தைச் சுற்றி வருகிற லைன்மேன் பெல்ட் போட்டுக்கிட்டு ஏறணும். கிளை வந்தால் தாண்டுவதற்கு இன்னொரு பட்டை தயாரா இருக்கணும்.

மூன்று புள்ளி விதி எல்லாருக்கும் தெரியும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில். கையில் வில் இருந்தா கணக்கு அங்கேயே தோத்துடுது. தோளில் இருந்தாலும் தோத்துடுது, ஏன்னா மனசு பாதி அங்கேதான் இருக்கும்.

மேலே போனதும் கை நேரா கயிற்றுக்குப் போகும். போகக்கூடாது. முதல்ல மரத்தைச் சுத்தியிருக்கிற பட்டையில் ஹார்னஸை இணைக்கணும். லைன்மேன் பெல்ட்டில் ஏறினவங்க அதை அதுக்கப்புறம்தான் கழட்டணும். பிறகு உட்காரணும். ஒரு நிமிஷம் மூச்சு வாங்கணும். வேர்வை ஆறட்டும். அதுக்கு அப்புறம்தான் கயிறு.

இழுப்பது எப்படின்னு தனியா சொல்லணுமான்னு நினைக்கலாம். ராட்டினம் இல்லாத கிணற்றில் தாம்புக் கயிறு போட்டுத் தண்ணி இறைச்சிருக்கீங்களா? அதேதான். கைமாத்திக் கைமாத்தி, நிதானமா. எங்க பாட்டி வீட்டுக் கிணற்றில் வாளி சுவரில் இடிச்சா பாட்டி சத்தம் போடுவாங்க, "நிறுத்து, ஆட்டம் நிக்கட்டும், அப்புறம் இழு" என்று. வில்லும் சுத்தும், ஆடும். நிறுத்தி, ஆட்டம் நின்ன பிறகு இழுங்க. எட்டிப் பார்க்கக் குனியாதீங்க. உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாத அளவுக்கு மறைவா இருந்தா கயிறு கட்டிய இடம் தப்பு. அடுத்த தடவை மாற்றிக் கட்டுங்க. சிக்கிக்கிச்சுன்னா வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. கொஞ்சம் கீழே விட்டு, சுத்த விட்டு, மறுபடி இழுங்க. இரண்டு மூன்று தடவையும் வரலைன்னா இறங்கி எடுங்க. இறங்குவது அலுப்புத்தான். ஆனால் வலுவா இழுத்து, அது பட்டென்று விடுபடும்போது ஆள் பின்பக்கம் போவாரே, அதை நான் ஒருமுறை செய்து பார்த்தவன்.

இழுத்த கயிறு காலடியில் குவியும். அதைப் பக்கவாட்டில் மறுபடி கீழே தொங்க விடுங்க, அல்லது ஒரு சின்னப் பையில் போடுங்க. இருட்டில் பூட்ஸைச் சுத்திக்கொள்ளும் கயிறு வேண்டாம்.

வில் கைக்கு வந்ததும் ஹெட்லேம்ப்பில் ஒரு பார்வை. நாண் இரண்டு கேம் சக்கரத்திலும் பள்ளத்துக்குள் இருக்கா, கீழ்ச் சக்கரத்தில் குச்சி, மண் ஏதும் சிக்கியிருக்கா, அம்பு தாங்கி வளைஞ்சிருக்கா. நாண் பள்ளத்தை விட்டு நகர்ந்த வில்லை இழுத்தால் முகத்துக்கு அரை அடி தூரத்தில் வெடிக்கும். இதெல்லாம் பார்த்த பிறகு கொக்கியில் மாட்டுங்க, அப்புறம்தான் ஒரு அம்பை எடுத்துப் பூட்டணும்.

பைக்கு இரண்டாவது கயிறு வைத்திருக்கிறேன். ஒரே கயிற்றில் வில்லையும் பையையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றோடொன்று மோதும். இரண்டாவது கயிறு ஐந்தாறு டாலர் விஷயம்.

இப்போ மனைவி கேட்ட கேள்வி. எது கயிற்றில் வரணும்னு இவ்வளவு பேசினோம், எது கயிற்றில் வரவே கூடாது? போன் உங்க உடம்பில் இருக்கணும், மார்புப் பக்கம் ஜிப் போட்ட பாக்கெட்டில். பேன்ட் பாக்கெட் வேண்டாம். ஹார்னஸில் தொங்கும்போது தொடைப் பட்டை இறுகி அங்கே கை போகாது. ஒரு விசில். ஹெட்லேம்ப் தலையில். அப்புறம் சஸ்பென்ஷன் ரிலீஃப் ஸ்ட்ராப், ஹார்னஸோடு வருகிற சின்னப் பட்டை. விழுந்து ஹார்னஸ் உங்களைப் பிடிச்சுக்கிச்சுன்னு வைங்க. உயிர் தப்பியாச்சுன்னு அர்த்தம் இல்லை. அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டைகள் அழுத்தி, கால்களுக்குப் போன ரத்தம் திரும்பி வராமல் தேங்கும். கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பட்டையில் காலை வைத்து எழுந்து நிற்கணும், கால்களை அசைச்சுக்கிட்டே இருக்கணும், போனில் ஆளைக் கூப்பிடணும். இதில் எதுவும் பைக்குள் இருந்தா பயன் இல்லை. எங்கே போறீங்க, எந்த மரம், எத்தனை மணிக்கு வருவீங்கன்னு வீட்டில் சொல்லிட்டுப் போறதும் இதோடு சேர்ந்ததுதான். நான் இப்போ மரம் இருக்கிற இடத்தை மேப்பில் குறிச்சு மனைவிக்கு அனுப்பிட்டுத்தான் கிளம்புறேன்.

இறங்குவது பற்றிக் கொஞ்சம். காலையில் ஒழுங்கா ஏறினவங்க சாயங்காலம் அவசரப்படுவாங்க. அதுவும் மானை அடிச்சிட்டா கை கால் நடுங்கும், உடனே இறங்கி ரத்தத் தடம் பார்க்கணும்னு தோணும். உட்காருங்க. எப்படியும் மான் படுக்க நேரம் கொடுக்கணும், அரை மணி நேரமாவது. அந்த நேரத்தில் நாணிலிருந்து அம்பை எடுத்து அம்பறாத்தூணியில் மூடிக்குள் போடுங்க. வில்லைச் சுருக்கில் மாட்டி ஏணி இல்லாத பக்கம் இறக்குங்க. தரை தொட்டதும் கயிற்றை விட்டுடுங்க, அவிழ்க்கிற வேலை கீழே போன பிறகு. பை அதே மாதிரி. உங்க ஹார்னஸ் லைஃப்லைனில் மாறின பிறகுதான் மேடையிலிருந்து கால் எடுக்கணும்.

குறுக்குவில் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் எழுதியிருந்தீங்க. போல்ட் பூட்டாமல்தான் ஏத்தணும், இறக்கணும். நாணை ஏற்றி வைத்து இழுக்கலாமா என்பதற்கு உங்க வில்லோடு வந்த கையேடு என்ன சொல்லுதோ அதுதான். நவம்பர் 15க்குப் பிறகு துப்பாக்கியோடு ஏறுகிறவர்கள், தோட்டா முழுக்க எடுத்து, அறை திறந்து, குழல் முனை தரையைப் பார்த்தபடி கட்டணும். உங்களைப் பார்த்தபடி எந்த நிலையிலும் மேலே வரக்கூடாது.

ட்ராய் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பொது நிலத்தில் ஏறுவதற்கு மரத்தில் திருகாணிப் படி அடிச்சிட்டா வேலை சுலபம் ஆகுமே?" தம்பி, மிச்சிகன் பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கிற எதையும் ஏறுவதற்குப் பயன்படுத்தக் கூடாது, அபராதம் விழும். பட்டை போட்டுக் கட்டுகிற ஸ்டிக்தான். இன்னொன்றும் கேட்டிருந்தீங்க, போன வருஷம் ஸ்டாண்டில் கட்டிய கயிறு அப்படியே இருக்கு, அதையே பயன்படுத்தலாமான்னு. வெயிலிலும் பனியிலும் ஒரு வருஷம் கிடந்த கயிறு, அணில் கடிச்சிருக்கும். தூக்குக் கயிறோ லைஃப்லைனோ, போன வருஷம் வெளியிலேயே விட்டதை வெட்டிப் போட்டுட்டுப் புதுசு கட்டுங்க. ஸ்டாண்டைக் கட்டிய பட்டைகளையும் அதே நாள் பாருங்க, செப்டம்பரில், பகல் வெளிச்சத்தில், ஹார்னஸ் போட்டுக்கிட்டு.